‘வழக்கு ஏதும் உள்ளதா?’ என்று ஒரு கட்டம்

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் சின்னதாக ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மழைக்காலத்தில் பேப்பரைச் சிக்க வைக்கும் ஒரு பிரிண்டர். பிரவுசிங் சென்டர் என்பது பேருக்குத்தான், இப்போது யார் கடைக்கு வந்து பிரவுஸ் பண்ணுகிறார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. வேலை முழுக்க விண்ணப்பம் போடுவதுதான். டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு, பாஸ்போர்ட், லைசென்ஸ் புதுப்பித்தல், ஓசூர் கம்பெனிகளுக்கு பயோடேட்டா. பையன் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவான், நான் கேட்கக் கேட்க அவன் சொல்லுவான், நான் அடிப்பேன்.

பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் வரும். பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்டால் கொஞ்சம் குரல் இறங்கும், அது சகஜம். ஆனால் ‘உங்கள் மீது ஏதேனும் குற்ற வழக்கு உள்ளதா, தண்டனை பெற்றுள்ளீர்களா’ என்ற கட்டத்தைப் படிக்கும்போது சில பையன்கள் ஒரு நொடி நிறுத்துவார்கள். அப்புறம் “இல்லைண்ணா” என்பார்கள். அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ரொம்ப நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் ‘இல்லை’யை அழுத்தியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

என் சித்தி மகன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தான். ஆறரை மணி ஷிப்டுக்கு பஸ் பிடித்துப் போய், வந்து, மிச்ச நேரத்தில் மைதானத்தில் ஓடுவான். சீருடை வேலை என்பது அவனுக்குப் பன்னிரண்டாவதிலிருந்தே கனவு. எங்கள் பக்கம் இது புதிதில்லை. ஏரிக்கரையில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், பத்துப் பையன்களாவது கயிறு ஏறிக்கொண்டும் நீளம் தாண்டிக்கொண்டும் இருப்பார்கள்.

2023-ல் ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பெருக்கு அன்றைக்குக் கூட்டத்தில் சிக்க வேண்டாம் என்று நாலு பேர் இரண்டு பைக்கில் ஒகேனக்கல் போனார்கள். எண்ணெய் தேய்த்துக் குளியல், அப்புறம் அங்கே அடுப்பு வைத்துக் கேட்கிற மீனை வறுத்துக் கொடுக்கும் அக்காவிடம் ஒரு கிலோ கெண்டை, ஆளுக்கு ஒரு குவாட்டர். மதியம் ஒன்றரை மணிக்குக் குடித்து முடித்தார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு ராத்திரி அவன் இந்த ஒன்றரை மணியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். “மத்தியானம் ஒன்றரைக்குக் குடிச்சதுண்ணா. சாப்பிட்டேன், தூங்கினேன், திரும்பக் குளிச்சேன். சுத்தமா இறங்கிடுச்சு.”

இறங்கவில்லை. மலைப்பாதை ஏறி, பென்னாகரம் தாண்டி, தர்மபுரியை நெருங்கும் இடத்தில் ஏழரை மணிக்கு சோதனை. பேரிகார்டைப் பார்த்ததும் பின்னால் உட்கார்ந்திருந்தவன் பையிலிருந்து கொய்யா இலையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஆமாம், முன்னேற்பாடாகப் பறித்து வைத்திருந்தார்கள். இவன் மென்றுகொண்டே போய் நின்றான். எஸ்ஐ சிரித்துவிட்டு, “துப்பிட்டு வா” என்று சொல்லி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, குழாயை நீட்டினாராம். ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே, இன்னும். மிஷின் பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டைத் துப்பியது. 64.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 64 என்பது இரண்டு மடங்குக்கும் மேலே.

பின்னால் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் சாராயம், எடையில் சுமார் 60 கிராம். இவன் 58 கிலோ. அந்த உடம்பில் அது ஏறினால் உச்சத்தில் 150-ஐத் தொடும். உடம்பு மணிக்கு ஏறத்தாழ 15 தான் இறக்கும், அதற்கு மேல் இறக்காது. மோர் குடித்தாலும், அருவியில் நின்றாலும், வாந்தியே எடுத்தாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஆறு மணி நேரத்தில் 90 போனால் மிச்சம் 60 சொச்சம். மிஷின் சொன்னது சரிதான். கொய்யா இலை வாய் நாற்றத்தை மாற்றும். மிஷின் பார்ப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை. இதே கணக்கில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குவாட்டர் போட்டவன் காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தால் தெளிவாக இருப்பான், பல் தேய்த்திருப்பான், விபூதி வைத்திருப்பான், 30-க்கு மேலே இருப்பான்.

எனக்குப் போன் வந்தது எட்டு மணிக்கு. நான் கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியை வேறு ஆள் ஓட்டிப்போகிற பேச்சே இல்லை, ஸ்டேஷனில் நிற்கும், கோர்ட் முடித்து வாங்கிக்கொள் என்றார்கள். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் கையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். ஈரம் காயாத தலை, தோளில் துண்டு. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பார்த்ததும் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பையன் மாதிரி இருந்தான்.

அப்புறம் தொடங்கியது நம் ஊரின் முதல் வைத்தியம்: ஆள் யாராவது தெரியுமா? சித்தப்பா ராத்திரி பத்தரை வரைக்கும் போன் போட்டார். கவுன்சிலர், ரிட்டயர்டு ஹவில்தார், பக்கத்து ஊர் வக்கீலின் மச்சான், காரிமங்கலத்தில் யாரோ ஒரு கட்சிக்காரர். எல்லோரும் “பார்க்கலாம்” என்றார்கள். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட் இல்லாததற்கு அங்கேயே கட்டிவிட்டுப் போகிற மாதிரியான வழக்கு இல்லை இது. கோர்ட்டுக்குத்தான் போயாக வேண்டும். மிஷினில் நேரம் பதிந்துவிட்டது, நம்பர் பதிந்துவிட்டது. ஊத மாட்டேன் என்று முரண்டு பிடித்தாலும் பிரயோஜனமில்லை, மறுத்ததையே அவனுக்கு எதிரான சங்கதியாக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு இருக்கிறது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. அப்படிக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பது மட்டும் நம் பக்கம் இருக்கிற ஒரு வரி.

பின்னால் உட்கார்ந்திருந்தவனை அன்றைக்கு அதட்டி அனுப்பிவிட்டார்கள். அது அவன் அதிர்ஷ்டம். குடித்து ஓட்டுவதற்குத் துணை போனவனுக்கும் அதே தண்டனை என்று 188-வது பிரிவு சொல்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புது அபராதம் நடைமுறைக்கு வந்தபோதே சென்னையில் கூட வருகிறவர்கள் மேலும் வழக்குப் போடுவோம் என்று போலீஸ் அறிவித்தது. ‘நான் ஓட்டலை சார், சும்மா உட்கார்ந்து வந்தேன்’ என்பது வாதமே இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். கடையை நடத்துவதும் அரசாங்கம், மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் விற்பதும் அரசாங்கம், கடைக்கு வெளியே நூறு பைக் நிற்பதும் எல்லோருக்கும் தெரியும், ரோட்டில் குழாயோடு நிற்பதும் அரசாங்கமா? நியாயமான கேள்விதான். டீக்கடையில் கேட்டால் தலையாட்டுவார்கள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் கேட்டுப் பார்த்ததில்லை.

கோர்ட் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. காலையில் ஒன்பதரைக்கே போய் வராந்தாவில் நின்றோம். அவனைப் போல இன்னும் பதினாலு பதினைந்து பேர் இருந்தார்கள், பாதிப் பேர் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள், இரண்டு பேர் கம்பெனி யூனிபார்மிலேயே வந்திருந்தார்கள். டவாலி பேரைக் கூப்பிட்டார். அவன் கூண்டுப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். “ஒத்துக்கறேன் அய்யா.” 10,000 ரூபாய். 2019-க்கு முன்னால் இதே பிரிவில் முதல் தடவைக்கு அதிகபட்சம் 2,000 தான் இருந்தது. இப்போது முதல் தடவைக்கு 10,000 அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, ஜெயில் இரண்டு வருஷம் வரை.

சித்தி நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பணத்தைக் கட்டி ரசீது வாங்கி வெளியே வந்ததும் சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்து, “சரி விடு, பீடை ஒழிஞ்சது, முடிஞ்சு போச்சு” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடியவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. ஜெயிலுக்குப் போனால்தான் தண்டனை, ஃபைன் கட்டினால் ஃபைன்தானே என்று ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் நினைக்கிறார்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நின்றிருந்தாலாவது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டிருப்பான். வசதி இல்லாதவர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டோம்.

அப்புறம் லைசென்ஸ். ஸ்டேஷனில் வாங்கி வைத்ததை ஆர்டிஓவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே குறைந்தது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டது. ஆறு மாதம் பைக் ஓட்ட முடியாது என்பது சென்னையில் பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும், அதிகாலை நாலே முக்காலுக்கு. சித்தப்பா அத்தனை நாளும் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுபோய் விட்டார். ஐம்பத்தாறு வயது மனுஷன், மார்கழிப் பனியில் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு. பையன் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் உட்கார்ந்து போவான். பெரிய தண்டனை அதுதான் என்று எனக்குத் தோன்றியது, அப்போது.

சரி, இப்போது என் பங்கு.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட அவன் என் கடைக்குத்தான் வந்தான். வேறு எங்கே போவான். எல்லாக் கட்டமும் முடிந்து அந்தக் கட்டம் வந்தது. நான் படித்தேன். அவன் என்னைப் பார்த்தான். “என்னண்ணா போடறது?” என்றான். நான் இரண்டு விநாடி யோசித்தேன், அதற்கு மேல் இல்லை. ‘இது ஒரு வழக்கா, ஃபைன் கட்டியாச்சு, எஃப்ஐஆர்கூடக் கிடையாது, பெட்டி கேஸ், ஆமான்னு போட்டா எடுத்த எடுப்பிலேயே கழிச்சிடுவாங்க’ என்று நானே சட்டம் பேசி, ‘இல்லை’யை அழுத்தினேன். மவுஸ் என் கையில் இருந்தது.

எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். உடல்தகுதியில் ஓட்டம், கயிறு எல்லாம் ஒரே மூச்சில். தேர்வுப் பட்டியலில் நம்பர் வந்தது. சித்தி குமாரசாமிப்பேட்டை முருகனுக்கு மொட்டை வேண்டியிருந்தாள், போட்டாள். அப்புறம் நன்னடத்தை சரிபார்ப்பு. அதிலும் ஒரு படிவம், அதிலும் அதே கேள்வி, முதலில் எழுதியதற்கு மாற்றி எழுதினால் சந்தேகம் வருமே என்று அவனே தன் கையால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். உள்ளூர் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷனில் ரிஜிஸ்டர் இருக்கிறது, கோர்ட்டில் நம்பர் இருக்கிறது. இரண்டே வாரம். வந்த கடிதத்தில் குடித்து ஓட்டியதைப் பற்றி ஒரு வரி, அதை மறைத்ததைப் பற்றி மூன்று வரி. தேர்வு ரத்து.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பொறுமையான மனுஷர். 2016-ல் அவதார் சிங் வழக்கு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். அதன் சாரம் இது: படிவத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. சின்ன வயதில் நடந்த அற்ப வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் விரும்பினால் மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் நடத்தையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிற உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. “சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா சொல்லியிருந்தா வாதாட ஒரு வழி இருந்திருக்கும். ஒரு தடவை, வயசு இருபத்து மூணு, விபத்து இல்லை, யாருக்கும் காயம் இல்லை, ஃபைன் கட்டியாச்சுன்னு நிக்கலாம். இப்ப உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்குது” என்றார்.

போலீஸ் வேலைக்கு விதி இன்னும் இறுக்கம். தமிழ்நாட்டு விதியில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவனைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அது செல்லும் என்றது. ஏரிக்கரையில் ஓடும் பையன்கள் ஓட்ட நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்களே தவிர இது எவனுக்கும் தெரியாது. பயிற்சி சென்டர்களில் சொல்லிக் கொடுப்பதாகவும் தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் நான் ஸ்டூலில் உட்காருகிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். எத்தனை பேருக்கு அந்த ஒரு நொடித் தயக்கம் இருக்கிறது என்று.

வெல்டிங் பையன் ஒருவன், பாலக்கோட்டுப் பக்கம். வளைகுடாவில் வேலை உறுதி, பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தான். குடித்துவிட்டுப் போய் ஒரு பெரியவர் மேல் மோதி, அவருக்குக் கால் முறிவு. அது வெறும் 185 கிடையாது, எஃப்ஐஆர், நியாய சங்கிதை (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), எல்லாம் சேர்ந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கி வந்தால் கிடைக்கும், கோர்ட் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் வழக்கமான பத்து வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷத்துக்கு. ஒரு வருஷ பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருஷ விசா எப்படி வாங்குவது? ஏஜென்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். கட்டிய முன்பணத்தைப் பற்றிக் கேட்டால் பையன் பேச்சை மாற்றுகிறான்.

பெங்களூரு ஐடி கம்பெனியில் இருக்கும் இன்னொருவன், நம் பென்னாகரத்துக்காரன், அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். விசா படிவத்தில் எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி, விடுதலையானாலும் மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும். கடந்த ஐந்து வருஷத்துக்குள் குடித்து ஓட்டிய வழக்கு என்றால் அவர்கள் குறிப்பிடும் டாக்டரிடம் அனுப்பி இவன் குடிநோயாளியா என்று பார்ப்பார்கள். அங்கே போன பிறகு மாட்டினால் தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திராமல் விசாவை ரத்து செய்கிறார்கள். கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து இது கடுமையான குற்றப் பட்டியலில் இருக்கிறது, நம் ஊர்த் தண்டனையை அந்த அளவுகோலில் வைத்து உள்ளே விடாமல் நிறுத்தலாம். நம் ஆள் இங்கே கட்டிய 10,000-த்தை அங்கே யாரும் ‘வெறும் ஃபைன்’ என்று பார்ப்பதில்லை.

தனியார் கம்பெனிகள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பெரிய கம்பெனி எல்லாம் பின்புலம் பார்க்க ஒரு ஏஜென்சியிடம் விடுகிறது. கோர்ட் வழக்குகளை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பேரையும் வருஷத்தையும் போட்டுத் தேடலாம், நீங்களும் தேடலாம், நானும் தேடலாம், பெண் வீட்டாரும் தேடலாம். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்குச் சொல்லவில்லை, போன தை மாதம் ஒரு மாமா வந்து மாப்பிள்ளைப் பையன் பேரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஓட்டுநர் வேலைதான் சோறு என்று இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரியோ பஸ்ஸோ ஓட்டக் காத்திருக்கும் பையன், ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த பைக்கில் மாட்டினாலும் நிறுத்தி வைக்கப்படுவது அந்த ஒரே லைசென்ஸ்தான். பைக்குக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று என்று இரண்டு கிடையாது.

இவ்வளவும் யாருக்கும் அடிபடாத கதை. அடிபட்டால் என்ன என்பதை நான் எழுத விரும்பவில்லை, இருந்தாலும் கணக்கு ஒன்றை மட்டும் வைக்கிறேன், ஏனென்றால் தொப்பூர் கணவாயை வைத்துக்கொண்டு, நாற்பத்து நாலாம் நம்பர் ரோட்டின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் நாம்.

ஒருவர் இறந்தால் கவனக்குறைவு என்ற பிரிவில் முன்பு இரண்டு வருஷம், 2024 ஜூலையிலிருந்து நியாய சங்கிதை 106-ல் ஐந்து வருஷம் வரை. குடித்திருந்தான், இப்படி ஆகும் என்று தெரிந்தே ஓட்டினான் என்று கோர்ட் எடுத்துக்கொண்டால் அது கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்த குற்றம், பத்து வருஷம் வரை போகலாம். 2006-ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஓட்டியவனுக்கு மூன்று வருஷம்.

இனி பணம். இறந்தவர் இருபத்து நாலு வயதுப் பையன், கல்யாணம் ஆகவில்லை, மாதம் 20,000 சம்பளம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 2,40,000. வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. கல்யாணமாகாதவர் என்பதால் பாதி கழித்தால் 1,68,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 18. மொத்தம் 30,24,000, மற்ற செலவுகள் தனி, வட்டி தனி. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏறத்தாழ இப்படித்தான் போடும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 2019 திருத்தத்தில், குடித்து ஓட்டியதை இன்சூரன்ஸ் கம்பெனி தன் தற்காப்பாக எடுத்து வைக்க வழி செய்துவிட்டார்கள். கோர்ட் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொன்னாலும், அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூல் பண்ணிக்கொள் என்று சொல்ல முடியும். வண்டி யார் பேரில் இருக்கும்? அப்பா பேரில். அப்பா பேரில் வேறு என்ன இருக்கும்? நம் பக்கம் முக்கால் ஏக்கர் மாந்தோப்பு, ஒரு வீடு. ஓட்டியவனின் சொந்த வண்டிச் சேதத்துக்கும் அவன் உயிருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் கையை விரித்துவிடுவார்கள்.

பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டினால் அப்பாவோ வண்டிக்காரரோ மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம், 25,000 அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் இல்லை. பிளஸ் டூ பையனுக்கு பைக் சாவியைக் கொடுத்து மச்சான் கல்யாணத்துக்கு அனுப்புகிறவர்கள் இதை ஒரு தடவை மனைவியிடம் வாசித்துக் காட்டலாம்.

நான் குடிக்காதவன் இல்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, சில சமயம் காரணமே இல்லாமலும் உண்டு. அன்றைக்கு வண்டிச் சாவி வீட்டம்மாவிடம் போய்விடும், போனால் மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வரும். முன்பெல்லாம் காலையில் கேட்டு வாங்கிவிடுவேன். அந்த 64-க்குப் பிறகு கேட்பதில்லை.

தம்பி இப்போது ஓசூர் வேலையிலேயே இருக்கிறான். வயது வரம்பு இன்னும் இருக்கிறது, திரும்பவும் எழுதப் போகிறான். இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டு, வழக்கு எண், கோர்ட், தேதி, கட்டிய தொகை எல்லாவற்றையும் எழுதி, ரசீதின் நகலையும் தயாராக வைத்திருக்கிறான். எடுத்துக்கொள்வார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முதல் தடவை மறைத்ததும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சித்திக்கு நம்பிக்கை இருக்கிறது. சித்தப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வார லீவில் கடைக்கு வருவான். கூட்டமாக இருந்தால் மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து எனக்கு உதவியாக விண்ணப்பம் போட்டுக் கொடுப்பான். போன ஞாயிறு ஒரு பையன், இருபது இருபத்தொன்று இருக்கும், பட்பட்டென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தவன் அந்தக் கட்டத்தில் நின்றான். ஒரு நொடி. “இல்லைண்ணா” என்றான். தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பி அவன் முகத்தைப் பார்த்து, “எந்த ஸ்டேஷன்?” என்று கேட்டான்.